அலமாரி மாறிய கட்டு

முதலில் உட்காருங்கள் மேடம். இடது பக்கம் வேண்டாம், அந்த சோபாவில் ஒரு ஸ்பிரிங் குத்தும். வலது பக்கம் பத்திரம்.

நான் சிரித்துக்கொண்டே இருப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து இப்படித்தான். பல் தேய்க்கும்போது சிரிப்பு, பால் காய்ச்சும்போது சிரிப்பு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அதற்கும் சிரிப்பு. ஐம்பத்து மூன்று வயசில் ஒரு பெண்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை என்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள். நினைக்கட்டும்.

உங்கள் தாளில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. வீடு சொந்தம். கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு. நோய்நொடி இல்லை, முழங்கால் வலியைக் கணக்கில் எடுக்காவிட்டால். குற்றப் பதிவு இல்லை, சான்றிதழ் மேலே இணைத்திருக்கிறேன். பதினோராவது கேள்வியில்தான் எனக்குப் பிடித்த இடம் வந்திருக்கிறது. காப்பாளராக விண்ணப்பிப்பவர் பிள்ளையின் நலனுக்காக இதுவரை செய்தது என்ன?

இரண்டு வரி போதும் என்கிறீர்கள். எல்லாரும் இரண்டு வரிதான் எழுதுவார்களாம். பள்ளிக்கூடம் சேர்த்தேன், பால் வாங்கிக் கொடுத்தேன். மேடம், பாதிப் பதிலால் எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தவள் நான். என் தொழிலே அது. முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரு பின்னணி விசாரணைக் கம்பெனியில் இருக்கிறேன். ஒருவர் புது வேலைக்குப் போகிறார் என்றால், அவர்மேல் கைது உண்டா, வழக்கு உண்டா, தண்டனை உண்டா என்று தேடி எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. கேட்பவர்களுக்கு ஏதோ துப்பறியும் வேலை மாதிரித் தோன்றும். கறுப்புக் கண்ணாடியும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. தூசியும் மாடிப்படியும்தான்.

முறை ரொம்பச் சுலபம். முதலில் ஆள் இவர்தான் என்று நிச்சயம் செய்யவேண்டும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, இதுவரை குடியிருந்த அத்தனை முகவரியும். இந்த நாலில் ஒன்று இடித்தாலும் அது வேறு ஆள். பிறகு அந்தந்த முகவரிக்கு உரிய காவல் நிலையத்தில் கைதுப் பதிவேடு. அது கீழ்த்தளத்திலேயே இருக்கும், அனுமதிக் கடிதத்தை நீட்டினால் காட்டுவார்கள். ஆனால் கைது என்பது பாதிக் கதை. பிடித்தார்கள் என்று மட்டும்தான் அதில் இருக்கும். விட்டார்களா, வழக்கு நின்றதா, விழுந்ததா என்பது நீதிமன்றத்து ரெக்கார்டு ரூமில், கேஸ் கட்டுக்குள் இருக்கும். அது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

சோம்பேறிகள் முதல் பதிவேட்டோடு நின்றுவிடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை, "மாடி ஏறு." இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஏறாமல் விட்டது ஒரே ஒரு தடவை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மாடி வீட்டுக்குப் பிள்ளையின் அம்மா, அந்த நர்ஸ், குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை, கையில் ஒரு பெட்டி. குடிவைக்கும் முன் வழக்கம்போல விசாரித்தேன். வீடு கேட்டு வந்தவர்களை மட்டும் இல்லை, என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று பேரையும்கூட அந்தக் காலத்தில் விசாரித்தவள் நான். இரண்டு பேர்மேல் வழக்கு, மூன்றாமவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி. அதனால்தான் இந்த வீட்டில் இத்தனை வருஷமும் ஒரே ஒரு தட்டு.

நர்ஸ்மேல் ஒரு கைது இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சம்பளம் கேட்டு இருபத்து மூன்று நர்ஸுகள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரையும் வேனில் ஏற்றி, சாயங்காலம்வரை வைத்து, அனுப்பிவிட்டார்கள். அப்போது மாடி ஏறினேன். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். மேல் நடவடிக்கை தேவையில்லை, வழக்கு முடிந்தது என்று நீதிபதி கையெழுத்துப் போட்டிருந்தார். பத்து நாளில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன். பிள்ளையின் அப்பா எங்கே என்று அவளிடம் கேட்டதே இல்லை. எதற்குக் கேட்கவேண்டும், பதிவு இருக்கிறதே. வேறு ஊர், வேறு கல்யாணம், வேறு இரண்டு பிள்ளைகள். ஆள் கம்பி நீட்டி நாளாகிவிட்டது.

குழந்தையை நான் வாண்டு என்று கூப்பிடுவேன். குடிவந்த மூன்றாம் நாள் தானாகப் படி இறங்கி வந்து என் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பெரியம்மா, உங்க வீட்ல பிஸ்கட் இருக்கா? இல்லன்னா சொல்லிடுங்க, நான் பக்கத்து வீட்டுக்குப் போறேன்."

யார் அதற்குப் பெரியம்மா என்று சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதன் அம்மா என்னை அக்கா என்று கூப்பிட்டதைக் கேட்டுத் தானாகக் கணக்குப் போட்டிருக்கவேண்டும். மேடம், என் பெயருக்குப் பின்னால் பட்டம் உண்டு, பதவி உண்டு. உறவு என்று ஒன்று ஒட்டியது அன்றைக்குத்தான். இருந்த பிஸ்கட்டையெல்லாம் கொட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நர்ஸுக்கு ஷிஃப்ட் இருந்த நாளெல்லாம் பிள்ளை என்னோடு. நாங்கள் ரெக்கார்டு ரூம் விளையாடுவோம். பொம்மைகளையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதுவோம். முயல், பதிவு இல்லை. யானை, பதிவு இல்லை. கரடிமேல் மட்டும் ஒரு பிஸ்கட் திருட்டு. நான் நீதிபதி மாதிரிக் குரலை மாற்றி வாசிப்பேன், வாண்டு விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டால் உங்களுக்கும் விக்கல் வரும்.

ஒரு நாள் கேட்டது. "பெரியம்மா, கரடி திருடவே இல்ல. தப்பா பிடிச்சுட்டாங்க. அதை எங்க எழுதறது?"

"அதுக்கு வேற புத்தகம்டா கண்ணு."

"அப்ப அந்தப் புத்தகத்தையும் எடு."

எத்தனை புத்திசாலி பாருங்கள். எங்கள் மேனேஜருக்கு இந்தப் புத்தி வரப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

எட்டு மாசம் முன்னால் ஒரு காலையில் நர்ஸ் இரண்டு படி இரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

"அக்கா, கிடைச்சிருச்சுக்கா. கடல் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரி. பாப்பாவுக்கு அங்கயே ஸ்கூல். ரெண்டு மாசத்துல கிளம்பணும்."

"அப்படியா. ரொம்ப சந்தோஷம்மா."

"நீங்க அழாதீங்கக்கா, எனக்கும் அழுகை வருது."

"யார் அழறா? கண்ல தூசி. பொழுதன்னைக்கும் தூசியில புரள்றவ நான்."

வாண்டு என் புடவையை இழுத்தது. "பெரியம்மா, நான் பிளேன்ல போறேனே. நீ வேணா பெட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு வா."

அன்று சாயங்காலம் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். இடது கால் மட்டும் வெளியே நின்றது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. எழுதுங்கள், பரவாயில்லை. பிள்ளைமேல் எவ்வளவு பற்று என்பதற்கு அது சாட்சிதானே.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். விரலால் ஒரு வரியைக் காட்டினாள்.

"இதுல ஒண்ணு கேட்டிருக்கான்க்கா. எந்தக் காலத்திலாவது கைது செய்யப்பட்டது உண்டான்னு. அந்தக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. டீ குடுத்து அனுப்பிட்டாங்க, கேஸும் முடிஞ்சிருச்சு. நான் என்ன எழுதறது?"

"இல்லைன்னு எழுது."

"எழுதலாமாக்கா? பின்னாடி பிரச்னை ஒண்ணும் வராதே?"

"கேஸே இல்லன்னு ஆனப்புறம் கைது எங்கேருந்து வரும்? தினம் நான் பார்க்கற வேலை இது. என்னை நம்பு."

நம்பினாள். என் பேனாவை வாங்கித்தான் எழுதினாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், வெளியாளுக்குப் புரியாது. கேள்வி கைது பற்றியது. வழக்கு என்ன ஆனது என்பது பற்றியது இல்லை. சரியான பதில் 'ஆம்'. பக்கத்தில் வழக்கு முடிந்த உத்தரவின் நகலை வைத்தால் எந்த ஆஸ்பத்திரியும் கண்டுகொள்ளாது. சம்பளம் கேட்ட நர்ஸை யார் குற்றவாளி என்பார்கள். கைதான ஆளை மன்னிப்பார்கள், மறைத்த ஆளைத்தான் கழித்துக்கட்டுவார்கள். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. எனக்குத் தெரியாமல் இருக்குமா. தெரிந்துதான் சொன்னேன். அந்த நொடியில் நெஞ்சுக்குள் யாரோ ஊஞ்சல் ஆட்டின மாதிரி இருந்தது.

பதினோரு நாளில் அந்த விண்ணப்பம் விசாரணைக்காக எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. இந்த ஊரில் ஆஸ்பத்திரி விசாரணை முக்கால்வாசி எங்களிடம்தான் வரும், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தெரிந்தவர் கோப்பு வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடவேண்டும் என்று விதி. பக்கத்து மேசைக்காரர் சளிக் காய்ச்சலில் லீவு. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா.

காவல் நிலையத்துக்குப் போனேன். கைதுப் பதிவேட்டில் அவள் பெயர், அப்பா பெயர், தேதி எல்லாம் துல்லியமாக இருந்தது. குறித்துக்கொண்டேன். பிறகு நீதிமன்ற வாசல்வரை போனேன். மாடிப்படியைப் பார்த்தேன். முழங்கால் வலித்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அறிக்கையில் மூன்றே வரி. கைது, உண்டு. வழக்கின் முடிவு, பார்வைக்குக் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் சொன்னது, பதிவோடு பொருந்தவில்லை. மூன்றில் ஒரு வரிகூடப் பொய் என்று யாரும் காட்டமுடியாது. வாசலில் நின்றபடி பார்த்தால் மூன்றாவது மாடிக் கட்டு பார்வைக்கு எப்படிக் கிடைக்கும். அதை எழுதிவிட்டு நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, லாட்டரி விழுந்துச்சா?" என்றார். "அதுக்கும் மேல சார்" என்றேன்.

வேலை போயிற்று. கடல் தாண்டிய ஆஸ்பத்திரி இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. நர்ஸ் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் தூங்கின பிறகு வாண்டுவும் நானும் கட்டிலில் ஏறிக் குதித்தோம். எதற்குக் குதிக்கிறோம் என்று அது கேட்கவில்லை. அந்த வயசின் அழகே அதுதான்.

அறிக்கையின் ஒரு நகல் இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கும் போகும். அனுப்பவேண்டுமா வேண்டாமா என்று ஒரு கட்டம் இருக்கும். வேண்டும் என்று குறித்தேன். பொய் எழுதிக் கொடுத்தவளை மருந்து அலமாரிப் பக்கம் விடமுடியாது என்று இங்கிருந்த ஆஸ்பத்திரியும் அவளை நிறுத்திவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பாதிப் பதிலாகிவிடும். எதிர்பார்த்தேன். வேலை இல்லாதவள் எங்கே போவாள். மாடியில்தானே இருப்பாள்.

ஆனால் அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. இரண்டாம் வாரமே வந்து நின்றாள்.

"அக்கா, என் பதிவை நானே எடுக்கணும்க்கா. கேஸ் முடிஞ்சதுன்னு ஒரு காகிதம் கையில இருந்தா எல்லார் மூஞ்சியிலயும் காட்டலாம். எங்க போகணும், யாரைப் பார்க்கணும், நீங்கதான் சொல்லணும்."

இந்த உலகத்தில் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கவேண்டுமோ அவளிடம்தான் கேட்டாள். நேர் வழி ஒரு பக்க விண்ணப்பம். வழக்கு எண்ணைப் போட்டு ரெக்கார்டு ரூம் ஜன்னலில் கொடுத்தால் ஒரு வாரத்தில் சான்றிட்ட நகல் கையில் வரும். வழக்கு எண் எனக்கு மனப்பாடம். நான் அவளுக்குச் சொன்னது சுற்று வழி. முதலில் காவல் நிலையத்தில் கைதுப் பதிவின் நகல். அதை வைத்து மேலதிகாரி அலுவலகத்தில் மனு. பிறகு கைரேகை. கைரேகை தலைமையகம் போய்த் திரும்பவேண்டும். பிறகு நன்னடத்தைச் சான்றிதழுக்குத் தனி வரிசை. அங்கே வழக்கின் முடிவு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எல்லாமே உண்மையான அலுவலகம், உண்மையான வரிசை. ஒரு காகிதத்தில் எண் போட்டு அழகாக எழுதிக் கொடுத்தேன்.

"நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்க்கா" என்றாள்.

அந்த மூன்று மாசம் என் வாழ்க்கையின் திருவிழா. நான் அரை நாள் லீவாகப் போட்டுத் தள்ளினேன். அம்மா வரிசையில் நிற்பாள், பிள்ளை என் மடியில் இருக்கும். வாண்டுவுக்கு எட்டாம் வாய்ப்பாடுவரை பெருக்கல் வந்தது, பால் பல் இரண்டு விழுந்தது, சைக்கிள் ஓட்ட வந்தது. முதல் தடவை நான் கையை விட்டபோது ஐந்து வீடு தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துக் கத்தியது, "பெரியம்மா, நீ விட்டுட்டியா?" நான் எங்கே விட்டேன். விடுவதாக இருந்தால் இத்தனை பாடு படுவேனா.

அப்போதுதான் ஒரு கெட்ட நாள் வந்தது. கைரேகை வரிசையில் யாரோ ஒரு பெரியவர் அவளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அந்த மாதிரிப் பெரியவர்களுக்கு வீட்டில் வேலையே இருக்காது போல.

"அக்கா, நேரா கோர்ட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனா ஒரு வாரத்துல கிடைச்சிருமாமே. உங்களுக்குத் தெரியாதா?"

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள்.

"தெரியாம என்ன. அங்க போனா இழுத்தடிப்பாங்கன்னு சொல்லல. சரி, நாளைக்கு நானே முதல்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன். நீ நாளன்னைக்குப் போ."

மறுநாள் மாடி ஏறினேன். பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு என்று ஐம்பத்து நாலு படி. முழங்கால் ஒரு முனகல் முனகவில்லை.

அந்த ரெக்கார்டு ரூம் கீப்பரை எல்லாரும் தும்மல் சார் என்பார்கள். முப்பது வருஷத் தூசி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தும்மல் போடுவார், முற்றுப்புள்ளி மாதிரி. தங்கமான மனுஷர். வெளியாட்களுக்கு ஜன்னலோடு சரி. என்னை மட்டும் உள்ளே விடுவார்.

"வாம்மா, நீ வந்தாதான் இந்த ரூமுக்கே ஒரு களை. எந்த வருஷம் வேணும்?"

"நானே எடுத்துக்கறேன் சார். நீங்க டீ குடிங்க."

கட்டு அதன் இடத்தில் சமத்தாக உட்கார்ந்திருந்தது. நீலக் கயிறு, பழுப்பு அட்டை. மேடம், நான் அதைக் கிழிக்கவில்லை. திருடவில்லை. ஒரு தாளைக்கூட உருவவில்லை. வேறொரு அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான். ஐம்பதாயிரம் கட்டு இருக்கும் அறையில் ஒரு கட்டைக் கொல்லவேண்டுமானால் நெருப்பு வேண்டாம், கரையான் வேண்டாம். தப்பான தட்டில் வைத்தால் போதும். இருக்கிறது என்று பேரேடு சொல்லும், இல்லை என்று அலமாரி சொல்லும், நடுவில் மனுஷன் பைத்தியம் பிடித்து அலைவான். எங்கள் தொழிலில் கைமறதியாக எத்தனையோ தடவை நடப்பதுதான். நான் மறக்காமல் செய்தேன். இறங்கும்போது ஐம்பத்து நாலு படியையும் தாவித் தாவி இறங்கினேன், அவள் இறங்கினாளே, அந்த மாதிரி.

பிறகு அவள் போனாள். "கட்டு இல்லம்மா, தேடறோம்" என்றார் தும்மல் சார். அடுத்த வாரம் போனாள். அதே பதில். அவரும் பாவம் உண்மையாகவே தேடினார். ஏணி போட்டு ஏறித் தேடினாராம். ஒன்பது தடவை போனாள் அவள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மெலிந்து திரும்பி வந்தாள். ஆறாவது தடவைக்குப் பிறகு சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "நான் அங்க கைதானது நிஜம்தானாக்கா, இல்ல நானே கற்பனை பண்ணிக்கிட்டேனா" என்று ஒரு நாள் கேட்டாள். நான் அவளுக்கு ரசனையாகத் தலை பின்னிவிட்டேன்.

ஒன்பதாவது தடவை நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கும். ஜன்னலில் நின்றிருக்கிறாள். "கட்டு கிடைக்கலம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வழக்கம்போலத் தும்மி, கையால் வாயைப் பொத்தியிருக்கிறார். அவர் சிரிக்கிறார் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. ஜன்னல் பலகையில் இரும்பு முத்திரை ஒன்று கிடக்கும், கனமானது. எடுத்து வீசிவிட்டாள். நெற்றிப் பொட்டில் பட்டது. அவர் ஸ்டூலிலிருந்து சாய்ந்து இரும்பு அலமாரியில் மோதி விழுந்தார். உள்ளே ஓடி அவரை முதலில் மடியில் போட்டுக் கழுத்தில் நாடி பார்த்ததும் அவள்தானாம். நர்ஸ் இல்லையா.

தும்மல் சார் மூன்று வாரமாகத் தும்மவில்லை. ஆஸ்பத்திரியில் கண் மூடிப் படுத்திருக்கிறார். அவர் மனைவியைப் போய்ப் பார்த்துப் பழம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நர்ஸையும் சிறையில் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அக்கா, அவர் எப்படி இருக்காரு?"

"தேறிடுவாரு."

"பொய் சொல்லாதீங்கக்கா. தலையில எந்த இடத்துல பட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பாப்பா?"

"அவளுக்கென்ன. ராணி மாதிரி இருக்கா."

"உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. விடுதியில போட்டுடாம பார்த்துக்குங்க. எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

சம்மதக் கடிதத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். அதுவும் இணைப்பில் இருக்கிறது, நாலாவது தாள். வலைக்கு அடியில் தாளை நீட்டினபோது பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். துக்கத்தில் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வெளியே வந்து பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தேன். நடந்தேன் என்பதா, மிதந்தேன் என்பதா. போகிற வழியில் முன்பின் தெரியாத ஒரு பூனைக்குக்கூட வணக்கம் சொன்னேன்.

பிள்ளை அம்மாவைக் கேட்கிறதா என்று கேளுங்கள். முதல் வாரம் கேட்டது. அம்மா புது வேலைக்குப் போயிருக்கிறாள், பிளேனில், என்றேன். "என்னை விட்டுட்டா?" என்றது. "நான் இருக்கேன்ல" என்றேன். இப்போதெல்லாம் கேட்பதில்லை. பொம்மைகளோடும் விளையாடுவதில்லை, வளர்ந்துவிட்டது. கரடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறது. கொஞ்சம் அமைதியாக இருக்கிறது, அவ்வளவுதான். அமைதியான பிள்ளையை வளர்ப்பது சுலபம் என்று எல்லாரும் சொல்கிறார்களே.

ஆக, பதினோராவது கேள்விக்கு என் பதில் இது. பிள்ளை இந்த வீட்டை விட்டுப் போகாமல் இருக்க, இல்லை என்று எழுதச் சொன்னது நான். மாடி ஏறாமல் அறிக்கை கொடுத்தது நான். நகலை அனுப்பி வேலையைப் போக்கினது நான். கட்டை மாற்றி வைத்தது நான். பெற்றவள்கூட ஒரு பிள்ளைக்காக இவ்வளவு மெனக்கெட்டிருப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.

எங்கே எழுந்து போகிறீர்கள்? போனா? தாராளமாகப் பேசுங்கள், பால்கனியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

பேசியாயிற்றா? உங்கள் முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது? தண்ணீர் தரட்டுமா?

கட்டு இப்போது எங்கே என்றா கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, தொழில் தெரிந்தவர்தான் இதைக் கேட்பார். பின்வரிசை, ஜன்னலோரம், நாற்பத்து மூன்றாம் அலமாரி, கீழிருந்து இரண்டாம் தட்டு. நிலத் தகராறு வழக்குகளுக்கு நடுவில் இருக்கும். யாரையாவது இன்றைக்கே அனுப்புங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. காப்பாளர் உத்தரவு மட்டும் முதலில் ஆகிவிடட்டும்.

எழுதியதை வாசியுங்கள், சரிபார்த்துவிடுகிறேன். ம். ம். அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஒரு தேதி பிசகவில்லை. ஓர் இடத்தில் மட்டும் 'கட்டை ஒளித்தேன்' என்று இருக்கிறது. ஒளிக்கவில்லை, இடம் மாற்றினேன். திருத்திவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கையெழுத்தா, கடைசியில் மட்டுமா? ஒவ்வொன்றிலும் போட்டுவிடுகிறேன், அதுதான் முறை.

வாசலில் ஜீப் வந்து நிற்கிறதே. இரண்டு பெண் போலீஸ் இறங்குகிறார்கள். உத்தரவைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்களா? இவ்வளவு சீக்கிரம் ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. போகிற வழியில் பள்ளிக்கூட வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள் மேடம். வாண்டு ஜீப்பில் ஏறியதே இல்லை. முன்னால் உட்காரவேண்டும் என்று அடம் பிடிக்கும், உட்காரட்டும். நாம் எல்லாரும் பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்துகொள்ளலாம்.